மெட்ராஸ் டெய்லர்

பிரியமுள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ‘நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்’ என்று ஆரம்பித்து, அதற்கு மேல் கை ஓடாமல், இரண்டு இன்லண்ட் லெட்டரைக் கிழித்துப் போட்டாயிற்று. அதனால்தான் இந்த முறை கோடு போட்ட முழுத்தாள். இதை ஒரு சின்னப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பார்சலில் வேறொன்றும் பேப்பரில் சுற்றிய பொட்டலமாக இருக்கிறது. நாக்பூரில் பார்சலை வாங்கியதும் முதலில் கடிதத்தைப் படி, பிறகு அந்தப் பொட்டலத்தைப் பிரி. சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்த விஷயத்தில் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிடும்போது இதையெல்லாம் சொல்ல முடியாது. அந்த வீட்டு அக்கா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். நாமும் சாப்பிட்டாயா, மழை உண்டா என்று பேசி வைத்துவிடுவோம். எட்டு வருடமாக நாம் இருவரும் அப்படித்தான் பேசி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். லெந்து நோன்பு நாட்கள் முடிந்து, ஈஸ்டர் கழிந்த மறு வாரம். பத்திரிகை அச்சாகி வந்து, அப்பா உறை ஒட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மாதிரி நேரத்தில் அம்மா எழுதினால் புத்திமதி இருக்க வேண்டும். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குப் புத்திமதி சொல்ல வராதா என்ன. ஆனால் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிற புத்திமதி எல்லாம் நான் செய்யாமல் விட்டதுதான். அதனால் அவற்றை நீ கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் செய்ததைக் கேட்டால் போதும்.

நீ பிளஸ் டூ படித்த வருடத்தை நினைத்துப் பார். முருகன்குறிச்சிப் பழைய பேப்பர் கடையில், மிஷன் பங்களா எதையோ காலி செய்தபோது வந்த கட்டிலிருந்து, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை நீ தூக்கிக்கொண்டு வந்தாய். அட்டை இல்லை, பாதிப் பக்கம் பூச்சி அரித்தது. அதில் வெள்ளைக்காரிகள் வசந்த காலத்துக்குப் போடுகிற உடுப்புகள். நான் முதலில் பயந்தேன், பயல் என்னத்தைக் கொண்டு வந்தானோ என்று. பார்த்தால், கழுத்து மூடி, கை மூடி, முழங்காலுக்குக் கீழே தழையத் தழைய இருந்த உடுப்புகள். அதில் ஒரு படத்தை என்னிடம் காட்டினாய். காலர் இல்லாத ஒரு கோட். ஓரம் முழுக்கப் பின்னல் நாடா, முன்னால் நான்கு பை. பாரிஸில் ஏதோ பெரிய அம்மா வகுத்த வடிவம் என்றாய். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. “அந்த ஊர்ல இது குளிர் விடுத மாசத்துக்கும்மா. நமக்குப் பங்குனின்னா வெயிலு ஏறும். அதனால நம்ம ஊருக்குத் துணிய மெல்லிசாக்கணும், உள் துணி கூடாது, கை கொஞ்சம் குட்டையாகணும்” என்றாய். ஏதோ தேற்றம் நிரூபிக்கிறவன் மாதிரி வரிசையாகச் சொன்னாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே, “சரிலே, பரீட்சைக்கு இதெல்லாம் கேக்க மாட்டாவ” என்றேன்.

என் கல்யாணத்துக்கு என் வீட்டில் கொடுத்த தையல் மெஷின் பூத்துணி போர்த்தி மூலையில் கிடந்தது. நான் அதில் ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை. நீதான் ஒன்பதாம் வகுப்பு லீவில் அதற்கு எண்ணெய் போட்டு ஓட்டினாய். முதலில் அப்பாவின் பைஜாமா. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. மின்வாரிய ஆபீஸிலிருந்து வந்து அதைப் போட்டுக்கொண்டு, “ஏளா, நான் சாஞ்சு நிக்கேனா, தரை சாஞ்சிருக்கா?” என்று வீட்டுக்குள் நடந்து காட்டினார். நீ சிரித்துச் சிரித்து விழுந்தாய். ஆனால் மறுநாளே அதைப் பிரித்துச் சரியாகத் தைத்துவிட்டாய். பிரிப்பதற்கு நீ அலுத்துக்கொண்டதே இல்லை. என் வகுப்பில் ஒரு கணக்குத் தப்பாகப் போனால் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவன், துணியில் மட்டும் முதலிலிருந்து ஆரம்பிப்பாய். ஒரு டீச்சருக்கு அதைப் பார்த்த உடனே புரிந்திருக்க வேண்டும்.

இனி எழுதப்போவது எனக்குச் சங்கடமான விஷயம். நாற்பதைத் தாண்டியதும் எனக்கு உடம்பு வைத்தது. கரும்பலகையில் மேலே எழுதக் கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறும், புடவை ஒதுங்கும். எத்தனை ஊக்கு குத்தினாலும் நிற்காது. பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடும். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பயலும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பான். அதனால் நான் பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதப் பழகிக்கொண்டேன். இடம் போதாமல் அழித்து அழித்து எழுதுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆனால் நீயும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மாவைப் பார்த்துப் பின்னால் சிரிக்கிற சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு முதல் பெஞ்சில் இருந்திருக்கிறாய். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் கொடியில் காய்ந்த என் ஜாக்கெட் ஒன்று காணாமல் போய், இரண்டு நாள் கழித்து மடித்து அலமாரியில் இருந்தது. அதை நீ அளவு ஜாக்கெட்டாக எடுத்துக்கொண்டு போனாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாசி மாதம், படத்தில் காட்டிய அந்தக் கோட்டை எனக்குத் தைத்துக் கையில் கொடுத்தாய். வீரவநல்லூரில் உன் சேக்காளி வீட்டுத் தறியில் மிஞ்சிய துணி. ஆற்று மணல் நிறம், ஓரத்தில் கருநீல நாடா. புடவைக்கு மேலே போட்டால் இடுப்புக்கு ஒரு சாண் கீழே வந்தது. நான்கு பைகளும் நிஜப் பைகள். ஒன்று சாக்பீஸுக்கு, ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று கைக்குட்டைக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். “சும்மா இருக்கட்டும்மா, கைய விட்டுக்கிட்டு நில்லுங்க” என்றாய். கக்கத்தில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தாய். விளிம்பு காற்றில் பறக்காமல் தொங்கட்டும் என்று அப்பாவின் டப்பாவிலிருந்து ஓட்டைக் காலணாக்களை எடுத்து உள்ளே கோத்துத் தைத்திருந்தாய். அந்தப் பாரிஸ்காரி சங்கிலி வைத்துத் தைப்பாளாம், நமக்குக் காலணா போதும் என்றாய். “கையத் தூக்கிப் பாருங்க. நல்லாத் தூக்குங்க” என்றாய். தூக்கினேன். எதுவும் ஏறவில்லை. உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மற்றதையும் செய்தேன்.

அதே வாரம் நீ ஒரு விண்ணப்பப் படிவத்தையும் கொண்டு வந்தாய். சென்னையில் உடுப்பு வடிவமைக்கச் சொல்லித் தருகிற படிப்பு. பெற்றோர் கையெழுத்து வேண்டும். “இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், போடுதேன்” என்றேன். நீ அதைச் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தாய். கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேனா என்று இப்போது என்னையே கேட்டால், நேரான பதில் இல்லை. தள்ளிப்போட்டால் நீயே மறந்துவிடுவாய் என்று ஒரு பாதி மனது. மற்றப் பாதி கோட்டைப் பார்த்து மயங்கிப்போயிருந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பலகையின் உச்சியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முழுப் பலகை எனக்குக் கிடைத்தது. அன்று நடத்தின மாதிரி நான் வேறு என்றும் நடத்தியதில்லை. மத்தியானம் ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். உனக்குத் தங்கம் டீச்சரைத் தெரியுமே, தமிழ் எடுப்பாளே, அவள் ஓரத்து நாடாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “டீச்சர், இத எங்கன தச்சீய? பாந்தமா இருக்கு, போட்டிருக்கதே தெரியாம அம்சமா இருக்கு” என்றாள். தலைமை ஆசிரியையும் வந்து, “யாரு தச்சா, சொல்லுங்க” என்று கேட்டார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் பெற்றோர் கூட்டம் நடந்திருந்தது. சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர் வந்து, மகனைப் பரீட்சைக்குப் பிறகு தையல் கடையில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். நான் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, “கணக்குல எண்பது எடுக்குத பயல மெஷின்ல உக்கார வச்சிட்டு, நாளைக்கு எங்கிட்ட வந்து அழாதீய” என்றேன். தலைமை ஆசிரியை தலையாட்டினார்கள். அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதே வாயால், என் மகன்தான் தைத்தான், கணக்கில் தொண்ணூற்றெட்டு எடுக்கிறவன் ராத்திரி பகலாக மெஷினில் உட்கார்ந்து தைத்தான் என்று எப்படிச் சொல்வேன்? “மெட்ராஸ்ல ஒரு டெய்லர். எங்க சித்தி மக மூலமாக் கொடுத்துத் தச்சது” என்றேன். “அதானே பாத்தேன், இங்கன யாருக்கு இந்தக் கைவேலை வரும்” என்றார்கள் தலைமை ஆசிரியை. நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். நீ வாசலில் நின்றாய், வகுப்பு நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு.

உள்ளே வந்து என் மேஜையில் நோட்டுகளை வைத்தாய். ஓரம் சேர்த்து அடுக்கினாய். “டீச்சர், முப்பத்தெட்டு நோட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்தில் என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாய், அதில் புதிதாக ஒன்றுமில்லை. உன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த அறை மின்விசிறி கடகடவென்று ஓடும். அதன் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பதுதான் சரி. எனக்கு அப்படி இருக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் அப்பா என்னிடம், “ஏளா, பய மெஷினுக்கு உறையப் போட்டுக் கட்டிட்டான். என்னவாம்?” என்று கேட்டார். “பரீட்சை வருதுல்லா” என்றேன். நீ படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசித் தேதி போன பிறகு காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன், அங்கே இல்லை. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, தம்பி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. பாரம் இறங்கினது மாதிரி நிம்மதியாக இருந்தது. நீ பி.காம். சேர்ந்தாய், பரீட்சை எழுதி பேங்க் வேலைக்குப் போனாய். எல்லோரும் என் வளர்ப்பைப் புகழ்ந்தார்கள். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ காலேஜுக்குப் போன புதிதில், பழைய பேப்பர்காரருக்கு என்று கட்டி வைத்த கட்டில் உன் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் ‘பங்குனி உடுப்புகள்’ என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு பக்கத்திலும் நமக்குத் தெரிந்த ஒரு பெண். தெருவில் மீன் கொண்டு வருகிற அக்காவுக்கு, கூடையைத் தலைக்குத் தூக்கும்போது முந்தானை சரியாமல் தோளில் பொத்தான். எதிர்வீட்டு நர்ஸுக்கு, கணுக்கால் வரை வருகிற வெள்ளை உடுப்பும் பெல்ட்டும். தங்கம் டீச்சருக்குக் கறுப்புச் சுடிதாரில் வெள்ளைக் காலர், வெள்ளைக் கைப்பட்டி. ஒருத்திக்குக்கூட உடம்பு தெரிகிற மாதிரி இல்லை, ஒருத்தியும் உடம்பை ஒளித்துக்கொண்டு கூனி நிற்கிற மாதிரியும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நான். ‘அம்மா. மணல் நிறம், ஓரம் நீலம். கை தூக்கினாலும் ஏறக் கூடாது. அவங்க மேலே எழுதணும்.’ அதைப் படித்த அன்றுதான் அந்தச் சிரிப்பு உனக்கும் கேட்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அப்போதாவது உன்னிடம் வந்திருக்கலாம். நான் நோட்டை எடுத்து, கோட்டோடு சேர்த்து, என் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன். ஆமாம், அந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் அதைப் போடவே இல்லை. போட்டால் யாராவது கேட்பார்களே.

இத்தனைக்குப் பிறகும், ஆசிரியர் அறையில் நான் சொன்ன பொய் உனக்குக் கேட்டிருக்காது என்று நம்பிக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் பியூலா வருகிற வரைக்கும். தன் கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வழியில் என்னைப் பார்க்க வந்தாள். நல்ல பிள்ளை, கலகலவென்று பேசுகிறாள். நீ லீவில் வந்தபோது டவுன் ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொன்னாள். கடைக்காரர் விரித்த வெள்ளைப் பட்டை நீ இரண்டு விரலால் தொட்டு, “இது வேண்டாம், தோள்ல நிக்காது, வழுக்கும்” என்றாயாம். கடைக்காரரே ஆச்சரியப்பட்டு, “அண்ணாச்சிக்கு ஜவுளித் தொழிலா?” என்று கேட்டாராம். “எப்படி அத்தை இவங்களுக்குத் துணியப் பத்தி இவ்வளவு தெரியுது? நானும் கேட்டேன். ‘மெட்ராஸ்ல ஒரு டெய்லர் இருந்தாரு, அவருக்குத் தெரியும்’னு சொன்னாங்க. சிரிப்பாங்கன்னு பாத்தேன், சிரிக்கவே இல்ல” என்றாள்.

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பிள்ளை என் முன்னால் உட்கார்ந்து கேட்கிறாள், நான் “அப்படியா” என்றேன். இரண்டாம் தடவையும் அதே ஆளாகவே இருந்தேன். அவள் போன பிறகு அழுதேன். அப்பா உறை ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “எங்கிட்ட எதுக்கு சொல்லுத, அவன்ட்டல்லா சொல்லணும்” என்றார். உன் அப்பா அதிகம் பேசுகிறவரில்லை, பேசினால் தப்பிக்க வழி வைக்க மாட்டார்.

மறுநாள் காலையில் தங்கம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கோட்டுக்காக அவள் என்னிடம் இரண்டு வருடம் அந்த டெய்லர் அட்ரஸைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் கடையை மாற்றிவிட்டான், ஊருக்குப் போய்விட்டான் என்று ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொல்லி, கடைசியில் இல்லாத மனிதனைச் சாகடித்தும் விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “டீச்சர், அந்தக் கோட்டைத் தச்சது எம் மகன்தான்” என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை. “அன்னைக்கே தெரியும் டீச்சர். பய வாசல்ல நின்ன நிலையப் பாத்தேம்லா. நீங்களே என்னைக்காவது சொல்லுவீயன்னுதான் அட்ரஸக் கேட்டுக்கிட்டே இருந்தேன்” என்றாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இரண்டு வருடம் ஒருத்தி கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள், நான் ஒவ்வொரு தடவையும் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கோட்டைத் தூக்கியபோது விளிம்பில் காலணாக்கள் மெல்லச் சத்தம் போட்டன. போட்டுப் பார்த்தேன், பொத்தான் எட்டவில்லை. எட்டு வருடத்தில் உன் அம்மா இன்னும் அகலமாகிவிட்டாள், சிரிக்காதே. பக்கத் தையல் எவ்வளவு இடம் கொடுக்கும் என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முழுசாக இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தாய். கை, கக்கத்துச் சதுரம் எல்லாவற்றிலும் அப்படியே. பிரித்துப் பெரிதாக்க வேண்டி வரும் என்று பதினேழு வயதுப் பையன் யோசித்திருக்கிறாய். நான் அதை வருடக்கணக்காகப் போடுவேன் என்று நம்பித்தானே இவ்வளவு துணி விட்டாய்?

புத்திமதி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் இதுதான். பியூலாவிடம் உண்மையைச் சொல். மெட்ராஸில் டெய்லர் யாரும் இல்லை, அம்மா பொய் சொன்னாள் என்று சொல். என்னைக் காப்பாற்றிக்கொண்டு உன் வாழ்க்கையை ஆரம்பிக்காதே. அவள் ஏதாவது செய்து கொண்டு வந்து காட்டினால், யாராவது கேட்கும்போது அவள் பெயரைச் சொல். உங்களுக்குப் பிறக்கிற பிள்ளை எதைக் கொண்டு வந்து நீட்டினாலும், அதை வாங்குகிற கை இரண்டாக இருக்கட்டும். நான் ஒரு கையால் வாங்கி, இன்னொரு கையால் மறைத்தேன்.

கல்யாணத்தன்று கோயிலுக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வரப்போகிறேன். கல்யாணத்துக்கு நீ எனக்கு வாங்கி வைத்திருக்கிற நீலப் பட்டுப் புடவைக்கு அந்த ஓரம் பொருந்தும், நீதான் பொருத்திப் பார்த்து வாங்கினாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், என் மகன் தைத்தது என்று சொல்வேன். தலைமை ஆசிரியைக்கும் பத்திரிகை கொடுத்தாயிற்று. சேரன்மகாதேவிக்காரரைத்தான் தேடுகிறேன், அவர் பெயர்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஆனால் கோட்டைப் பிரித்துத் தைக்க வேண்டும். தெருமுனைக் கடையில் ஒரே நாளில் செய்து தருவார்கள். நான் கொடுக்க மாட்டேன். அதில் உன் கை பட்ட தையலை வேறொரு கை பிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீ இரண்டு நாள் முன்னதாக வர முடியுமா? மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், அப்பா பெல்ட் மாற்றியிருக்கிறார். முடியாது, இனிமேல் அதில் உட்கார மாட்டேன் என்றாலும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்போது பொத்தான் போடாமல், திறந்தபடியே போட்டுக்கொண்டு வருவேன்.

இனி பொட்டலத்தைப் பிரி. உள்ளே இருப்பது என்னுடைய அளவு ஜாக்கெட், இப்போது சரியாக இருப்பது. முதல் தடவை எனக்குத் தெரியாமல் கொடியிலிருந்து எடுத்தாய். இந்தத் தடவை நானே கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா